நாற்பது ஒத்திகை விருந்தாளிகள்

தீவின் பெயரை எழுதக் கூடாது என்று என் தங்கை அமுதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இப்பதான் நாலு பேரு திரும்ப வந்துகினு இருக்காங்க. நீ பாட்டுக்கு கக்கூஸ் கதைய ஊரு பேரோட எழுதி வச்சிடாதண்ணே." நியாயம்தான். ஆகவே பிலிப்பைன்ஸ் கடலில் ஒரு சின்னத் தீவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளம்பிக் கரையோரமாகவே நடந்தால் டிபன் நேரத்துக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அவ்வளவுதான் சுற்றளவு. வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், தென்னை மரம். மளிகைக்கடை காலண்டரில் வருமே, அதே மாதிரி.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் கழிவுநீர் சுத்திகரிக்கும் பிளான்ட்டில் ஆபரேட்டர். முதலில் கான்ட்ராக்ட், பதினோரு வருஷம் கழித்து பர்மனென்ட். எந்த பிளாக்கில், எந்த குவார்ட்டர்ஸில் தண்ணீரை ஊற்றினாலும் அது கடைசியில் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். ஊரில் மைன்ஸில் வேலை என்றால் ஒரு மரியாதை, தெர்மலில் வேலை என்றால் ஒரு மரியாதை. என் வேலையைக் கேட்டால் "வாட்டர் செக்‌ஷன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் சொன்னோம். என் மனைவி மல்லிகாவுக்கு விவரம் தெரிய மூன்று மாதம் ஆனது. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினாள்.

அமுதா நர்ஸ். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில், ஓட்டல் சமையல்காரன் ரமீலைக் கட்டிக்கொண்டு அவனுடைய தீவுக்கே போய்விட்டாள். தீவின் சுகாதார நிலையத்தில் அவள்தான் நர்ஸ், பல நாட்களில் அவளேதான் டாக்டரும். 2019 பொங்கல் கழிந்து சில நாட்களில் போன் செய்தாள்.

"அண்ணே, உனக்கு எத்தினி நாளு லீவு கிடைக்கும்?"

"எதுக்கும்மா?"

"இங்க ஒரு பிளான்ட்டக் கட்டி வச்சிகினு முழிச்சிகினு இருக்காங்க. நீ வந்து ஓட்டிக் குடுக்கணும்."

"அதுக்கெல்லாம் இன்ஜினியரக் கூப்பிடணும்மா."

"இன்ஜினியரு வந்தாரு. படம் போட்டுக் குடுத்துட்டுப் பூட்டாரு. எங்களுக்கு அதுல கை வச்ச ஆளு வேணும்."

அந்தத் தீவின் கதை எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். கூட்டம் கூட்டமாகச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். ஓட்டல் மேல் ஓட்டலாகக் கட்டினார்கள். எல்லா ஓட்டலும் மணலுக்கு அடியில் ஒரு குழாயைப் பதித்துக் கழிவை நேராகக் கடலில் விட்டது. ஒரு கோடையில் வயிற்றுப்போக்கு பரவியது. சுகாதார நிலையத்தில் இடமில்லாமல் சர்ச் பெஞ்சுகளில் ஆட்களைப் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினாள் அமுதா. ரமீலின் அக்கா மூன்றே நாளில் இறந்து போனாள். கடல் கொந்தளிப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகு போகவில்லை. அதற்குப் பிறகு அரசாங்கம் தீவையே மூடிவிட்டது. வெளியாட்கள் யாரும் வரக் கூடாது. ஓட்டல், படகு, சாப்பாட்டுக்கடை எல்லாம் கிட்டத்தட்ட ஒரு வருஷமாகக் கிடப்பில் கிடந்தது.

இருபது நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "தங்கை வீட்டு விசேஷம்" என்று எழுதினேன்.

தீவுக்குக் கடைசிப் பயணம் படகில். இரண்டு பக்கமும் மூங்கில் கைகள் நீட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பூச்சி மாதிரி இருந்தது. கரை நெருங்கியபோது பேண்டு வாத்தியம் கேட்டது. யாருக்கோ கல்யாணம் என்று நினைத்தேன். இறங்கினால், வரவேற்பு எனக்குத்தான். மல்லிகைப் பூ மாலை போட்டார்கள். அந்த ஊர் மல்லிக்கும் நம் வாசனையேதான். இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவே ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். என்னுடைய பாஸ்போர்ட் போட்டோ, ஆள் உயரத்துக்கு. அதற்குக் கீழே ஆங்கிலத்தில்: "வருக! உலகக் கழிவு நிபுணர் டாக்டர் கோதண்டம்!"

"இத எதுக்கும்மா இவ்ளோ பேரு பாக்கற மாதிரி எழுதி வச்சீங்க?" என்று அமுதாவிடம் முணுமுணுத்தேன்.

"இன்னாத்துக்கு வெக்கம்? இவங்களுக்கு இப்ப டாக்டர விட நீதான் வேணும்."

பஞ்சாயத்துத் தலைவரை அங்கே கேப்டன் என்கிறார்கள். கப்பல் எதுவும் இல்லை. தீவின் பெரிய ஓட்டலும் அவருடையதுதான். குண்டான, சிரித்த முகமுள்ள மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற அமுதாவைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துப் பேசினார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ரமீல் பூண்டு போட்டுத் தாளித்த சோறும் வறுத்த கருவாடும் வைத்தான். கடலூர் துறைமுகத்துக் கருவாட்டுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. காலை டிபனுக்கே கருவாடா என்று கேட்டால், "மத்தியானமும் உண்டு, கூயா" என்றான். கூயா என்றால் அண்ணன். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் சமைத்ததும் இருந்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்ற முறையில் பலாப்பழத்தைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகச் சொன்னேன். ரமீல் மரியாதையாகக் கேட்டுவிட்டு, எல்லா இந்தியர்களும் இப்படி ஏதாவது ஒரு பழத்தைப் பற்றிச் சொல்வார்கள் என்று அமுதாவிடம் சொன்னானாம்.

பிளான்ட் புத்தம் புதிதாக இருந்தது. நீலத் தொட்டிகள், வெள்ளை பெயின்ட், வாசலில் செம்பருத்தி. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். குடிநீர் மாதிரித் தெளிவான தண்ணீர். காற்று ஊதும் பிளோயர் அதற்குள் வெறுமனே குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"கழிவு எங்கங்க?" என்றேன்.

கேப்டன் கையை விரித்தார். கழிவு வேண்டுமானால் விருந்தாளிகள் வர வேண்டும். விருந்தாளிகள் வர வேண்டுமானால் சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட் வேண்டுமானால் பிளான்ட் கழிவைச் சுத்தம் செய்து காட்ட வேண்டும். சுத்தம் செய்து காட்டக் கழிவு இல்லை. ஊர்க்காரர்களின் வீடுகளை இன்னும் குழாயில் இணைக்கவில்லை, ஓட்டல் அறைகளை மட்டும்தான் இணைத்திருந்தார்கள். இதே வட்டத்தில் நான்கு மாதமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. சோதனைக்கு வந்த லூர்தஸ் என்ற அதிகாரி அம்மா ஒரு முறை தொட்டியைப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணியச் சுத்தம் பண்ணி எனக்குக் காட்டாதீங்க" என்று திரும்பிப் போய்விட்டாராம். அடுத்து அவர் வர இரண்டு வாரம்கூட இல்லை.

அவர் சொன்னது சரி. இந்த பிளான்ட்டில் வேலை செய்வது இயந்திரம் இல்லை, கிருமிகள். பழுப்புக் குழம்பு மாதிரி இருக்கும். ஸ்லட்ஜ் என்போம். அதுதான் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். காற்றும் சாப்பாடும் கொடுத்தால் உயிரோடு இருக்கும், இல்லையென்றால் செத்துவிடும். நெய்வேலியில் ஒரு முறை புதுத் தொட்டியை ஓட்டும்போது சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றியே வளர்த்தோம். இங்கே மொத்தத் தீவுக்கும் ஒரே எருமை. அதுவும் கேப்டனுடையது, பெயர் பிரின்ஸ். பிரின்ஸால் முடிந்ததை அவன் செய்தான். போதவில்லை.

ஆகவே பக்கத்துப் பெரிய தீவின் பிளான்ட்டிலிருந்து எட்டு டிரம் ஸ்லட்ஜ் கொண்டுவரக் கிளம்பினோம். படகுக்காரர் நெஸ்டர். என் வயதுதான் இருக்கும். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டது. வெயிலில் மூடியை மீறி டிரம் வாசனை வர ஆரம்பித்தது. எனக்கு அது பழக்கம். நல்ல ஸ்லட்ஜுக்கு முதல் மழையில் நனைந்த மண் வாசனை இருக்கும். இது நல்ல ஸ்லட்ஜ். நெஸ்டர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு என்ஜினைப் பிரித்தார். பிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்:

"உங்க தங்கச்சிதான் எழுதினாங்க, தெரியுமா?"

"என்ன எழுதினா?"

"கடல் தண்ணியப் பாட்டில்ல எடுத்து, ஒரு லெட்டரும் வச்சு, தலைநகருக்கு அனுப்பினாங்க. அதனாலதான் தீவ மூடினாங்க. என் படகு பத்து மாசமா கரையில கிடந்துச்சு."

நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்ஜினைத் தட்டினார். அது இருமியது, பிறகு ஓடியது.

கரைக்குச் சற்று முன்னால் கடலோரக் காவல் படகு எங்களை நிறுத்தியது. இளம் அதிகாரி ஒருவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. டிரம்மில் என்ன என்று கேட்டார். சொன்னேன். காகிதங்களைக் காட்டினேன். ஒரு டிரம்மைத் திறந்து பார்த்து, மூடி, "சரி" என்றார். பிறகு என் பையைப் பார்த்தார். அதில் ஒரு பிளாஸ்டிக் கவரில், வழியில் சாப்பிட எடுத்துவந்திருந்த, மல்லிகா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய்.

"இது தடை செய்யப்பட்ட பொருள்."

"ஊறுகாய் சார்."

"ஊறுகாய் இல்லை. கவர். தீவின் சுற்றுச்சூழலைக் கெடுக்கும்."

எட்டு டிரம் மலக் குழம்பு தீவுக்குள் போகலாம், என் கவர் போகக் கூடாது. நம் ஊரிலும் அந்த ஜனவரியில்தான் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்திருந்தது. பண்ருட்டி சந்தையில் எல்லாரும் இடுப்பில் மஞ்சள் பையைச் செருகிக்கொண்டு திரிந்தார்கள். சட்டம் புரிந்தது. ஊறுகாயை வைக்கத்தான் இடம் தெரியவில்லை. கடைசியில் நெஸ்டர் தன் தொப்பியைக் கவிழ்த்து நீட்டினார். அதில் கொட்டினேன். கவரை அதிகாரி எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். மீதி வழியெல்லாம் நெஸ்டர் ஒரு துண்டு, ஒரு துண்டாக எடுத்துத் தின்றுகொண்டே வந்தார். கண்ணில் நீர் வழிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் அமுதாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"ஆமா, நான்தான் எழுதினேன். ரமீலோட அக்கா என் கையப் புடிச்சிகினே செத்துப் போச்சுண்ணே. அடுத்த வாரமே புதுசா ரெண்டு படகு நெறைய டூரிஸ்ட்டு. எல்லாரும் அதே தண்ணியில குளிச்சிகினு இருக்காங்க. வேற இன்னா செய்யச் சொல்ற?"

"ரமீலுக்குத் தெரியுமா?"

"அவருதான் பாட்டில் கழுவிக் குடுத்தாரு."

தீவில் பாதிப் பேர் அவளிடம் பேசுவதில்லை. ஊசி போட வருவார்கள், கையை நீட்டுவார்கள், போய்விடுவார்கள். பிளான்ட் ஓடாமல் இன்னொரு சீசன் போய்விட்டால் தானும் ரமீலும் இந்த ஊரில் இருக்க முடியாது என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

ஸ்லட்ஜைத் தொட்டியில் ஊற்றினோம். இனி அதற்குத் தினமும் சாப்பாடு வேண்டும். அதிகாரி லூர்தஸிடம் போனில் அனுமதி கேட்டோம். உள்ளூர் ஆட்கள் நாற்பது பேர் வரை ஓட்டலில் "ஒத்திகை விருந்தாளிகளாக"த் தங்கலாம் என்றார். சாப்பிடலாம், குளிக்கலாம், முக்கியமாகக் கழிவறையை உபயோகிக்கலாம். கேப்டன் அறைகளைத் திறந்தார், ரமீல் சமைத்தான், வரவேற்பு மேசையில் பூ வைத்தார்கள்.

ஒருவரும் வரவில்லை. இரண்டு நாள். நான், அமுதா, ரமீல், கேப்டன் என்று நாங்கள் நான்கு பேர் மட்டும் மாற்றி மாற்றிப் போய் வந்தோம். நான்கு பேரால் எவ்வளவுதான் முடியும்? குழம்பின் நிறம் வெளுத்தது. நர்ஸ் மூடிய ஓட்டலை நர்ஸின் அண்ணன் திறப்பதற்கு நாங்கள் ஏன் போக வேண்டும் என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டார்கள் என்று ரமீல் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமுதா எழுந்து முன்னால் போய் நின்றாள். பாதிரியாரிடம் அனுமதிகூடக் கேட்கவில்லை. அவர்கள் பாஷையில் பேசினாள். ரமீல் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"கடிதம் எழுதினது நான்தான். மறுபடி இந்த பெஞ்சுல யாராவது படுத்தா மறுபடியும் எழுதுவேன். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஆனா உங்க படகும் அடுப்பும் ஓடணும்னு எனக்கும் ஆசை. அதுக்கு ஒரே வழிதான் இருக்கு." இங்கே அவள் ஒரு முறை பாதிரியாரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நாளையிலேர்ந்து நீங்க எல்லாரும் கேப்டன் ஓட்டலுக்கு வந்து கக்கூஸ் போகணும்."

பாதிரியார் மேலே கூரையைப் பார்த்தார். அப்போது பின் வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். நெஸ்டர். வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அவர் மனைவி சிரித்தாள், பிறகு பாதிரியாரே சிரித்தார்.

திங்கட்கிழமை காலை நெஸ்டர் மனைவியோடு வந்தார், சொந்தத் தலையணையோடும், கக்கத்தில் ஒரு சண்டைச் சேவலோடும். சேவலுக்கு அனுமதி இல்லை என்றார் கேப்டன். "நான் விருந்தாளி" என்றார் நெஸ்டர். சேவலும் தங்கியது. சாயங்காலத்துக்குள் நாற்பது பேர்.

அவர்கள் விருந்தாளி வேலையை இவ்வளவு கருத்தாகச் செய்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க அதே ஓட்டலில் பாத்திரம் கழுவியவர்கள், துணி துவைத்தவர்கள். வெயில் தொப்பி போட்டுக்கொண்டு மணலில் சாய்ந்து படுத்தார்கள். துணி துவைக்கும் அம்மாள் படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கிறது என்று மூன்று முறை மாற்றச் சொன்னாள். ஒரு மீனவர் தன் படகையே தானே வாடகைக்குக் கேட்டு, கட்டணம் அதிகம் என்று கோபித்துக்கொண்டார். சேவல் பிடிக்காத அறைக்காரர்கள் புகார் புத்தகம் கேட்டார்கள். புத்தகம் இல்லை என்று சொன்னதையும் புகாராக எழுதச் சொன்னார்கள்.

என் வேலை இன்னும் மோசம். தினமும் காலை அறை அறையாகக் கதவைத் தட்டி, "போனீங்களா?" என்று கேட்டு ஒரு தாளில் குறிக்க வேண்டும். முதல் நாள் எல்லாரும் வெட்கப்பட்டார்கள். மூன்றாம் நாள் என்னைத் தூரத்தில் கண்டதுமே விரலைக் காட்டினார்கள், ஒன்று அல்லது இரண்டு. ரமீல் பப்பாளியும் பலாவும் போட்டுத் தள்ளினான். தொட்டி பழுப்பானது. தொட்டியிலிருந்து ஒரு குவளை மொண்டு கண்ணாடி உருளையில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால், அடியில் குழம்பு படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அதைப் பார்க்க விருந்தாளிகள் வரிசையில் நின்றார்கள். "இது நம்முடையதா?" என்று துணி துவைக்கும் அம்மாள் கேட்டாள். ஆமாம் என்றேன். உருளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது" என்றாள். இருபத்தாறு வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சோதனை நாள். லூர்தஸ் அம்மா குட்டையான பெண்மணி, ரப்பர் பூட்ஸ், தோளில் சாம்பிள் பெட்டி. சிரிக்கவே இல்லை. கேப்டன் இளநீர் நீட்டினார், வேண்டாம் என்றார். தொட்டி ஓரம் வந்து நின்றார். பிளோயர் நின்றது.

கரண்ட் போய்விட்டது. தீவு முழுக்க. ஜெனரேட்டரைப் போட ஓடினார்கள், அதிலிருந்த பெட்ரோல், எலி கடித்த குழாய் வழியாக ஒழுகிப் போயிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. 2011-இல் அடித்த தானே புயலின்போது, பாதி நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிற எங்கள் ஊரிலேயே மெழுகுவத்திக்கு அலைந்தோம். கரண்ட் ஊர்க்காரன் வந்து நிற்கும்போது கரண்ட் போவது எனக்கு எழுதி வைத்தது போல.

"காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று லூர்தஸ் கேட்டார்.

"சில மணி நேரம் தாங்கும் மேடம். அப்புறம் அடியில உக்காந்து அழுக ஆரம்பிக்கும்."

"அப்படியானால் காத்திருக்கிறேன்" என்று நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

அமுதா தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். குமிழ் எல்லாம் அடங்கி, பழுப்பு மெல்ல இறங்க ஆரம்பித்தது. நெஸ்டர் என்னிடம் வந்தார். "காற்று வேணும்னா, கலக்கினாப் போதுமா?"

"கொஞ்சம் உதவும்" என்றேன். உண்மையில் பெரிதாக உதவாது. ஆனால் சும்மா நிற்பதற்கு அது மேல்.

அவர் கரைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் துடுப்புகளோடு வந்தார்கள். நாற்பது பேரும், வெயில் தொப்பியைக்கூடக் கழற்றாமல். தொட்டியைச் சுற்றி நின்று துடுப்பை உள்ளே விட்டுக் கலக்கினார்கள். நெஸ்டர் படகுப் பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார், எல்லாரும் தாளத்துக்கு இழுத்தார்கள். கேப்டன் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு துடுப்பைப் பிடித்தார். இடம் இல்லாமல் அமுதாவுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டி வந்தது. நின்றார். பிரின்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தான்.

தோள் வலிக்க வலிக்க ஆட்கள் மாறிக்கொண்டார்கள். சேவலை மட்டும் யாரும் கீழே விடவில்லை. வெயில் சாயும் முன்பே கரண்ட் வந்தது. பிளோயர் உறுமியது. எல்லாரும் அப்படியே மணலில் உட்கார்ந்தார்கள். லூர்தஸ் அம்மா எழுந்து, கையுறை மாட்டி, மூன்று இடத்தில் சாம்பிள் எடுத்தார். எடுக்கும்போது அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா, வாசனையா என்று சொல்ல முடியவில்லை.

முடிவு வருவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. கிளம்பும்போது கேப்டன் அந்த பேனரை மடித்துப் பரிசாகக் கொடுத்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். துணி பேனர்தான், பிளாஸ்டிக் இல்லை என்று உறுதி கூறினார். இப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் மல்லிகா அதில் வத்தல் காயவைக்கிறாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு என்னிடம் விசாரிக்கிறார்கள். இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து ஷிப்ட் முடிகிற நேரத்தில் அமுதா போன் செய்தாள். அனுமதி வந்துவிட்டது. ஆனால் முன்பு வந்த சுற்றுலாப் பயணிகளில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் ஒரே சமயத்தில் தீவில் தங்கலாம். கேப்டன் அரை நாள் திட்டினாராம், பிறகு ஊர் வீடுகளையும் குழாயில் இணைக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டாராம். மனுவை அவருக்கு எழுதிக் கொடுத்தது அமுதா.

"மொதப் படகு இன்னிக்குத்தான் வந்துச்சுண்ணே" என்றாள். "ஊரே கரையில நின்னுகினு இருந்துச்சு. பேண்டு, மாலை எல்லாம் ரெடி. வெள்ளக்காரப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு மொதல்ல எறங்கினாங்க. அந்தம்மாவுக்கு முகமே சரியில்ல. பேண்ட நிறுத்தச் சொல்லிட்டு, இங்க டாய்லெட் எங்க இருக்குதுன்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா! அத்தினி பேரும் கை தட்டினாங்க. நெஸ்டர் விசிலே அடிச்சிட்டாரு. பாவம், அந்தம்மா பயந்து போயி திரும்பப் படகுல ஏறிட்டாங்கண்ணே. நானும் கேப்டனும் ஆளுக்கு ஒரு கையப் புடிச்சி எறக்கி, கூட்டிகினு போயி காட்டினோம்."